சாட்சிக்கு நிறம் தெரியாது

“பச்சையும் தெரியாது, சிவப்பும் தெரியாது. இவருடைய கண்ணை நம்பித்தான் நாம் குற்றவாளியை வெளியே விட வேண்டுமா, கனம் நீதிபதி அவர்களே?”

அரசு வக்கீல் சாட்சியின் மருத்துவச் சான்றைக் கொடி போல உயர்த்திக் காட்டினார். பிறகு அதைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுவந்து, ஒவ்வொரு சொல்லையும் சுவைத்து வாசித்தார்: நிறப் பார்வைச் சோதனையில் விண்ணப்பதாரர் ஒரு பக்கத்தைக்கூடப் படிக்கவில்லை, ராணுவப் பணிக்குத் தகுதியற்றவர்.

“ஒரு பக்கத்தைக்கூட! புத்தகம் முழுவதும் புரட்டியிருக்கிறார்கள். ஒன்றுகூட!”

நீதிபதி பேனாவை மூடினார். உணவு இடைவேளை முடிந்ததும் இந்தச் சாட்சியத்தை ஏற்பதா தள்ளுவதா என்று சொல்வதாகவும், அதன்பின் தீர்ப்பு என்றும் அறிவித்துவிட்டு எழுந்தார். நாற்காலிகள் கரகரத்தன. கூண்டில் நின்றிருந்த ரொட்டி வேன் டிரைவர், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்ற சந்தேகத்தோடு மனைவியைத் தேடினான்.

வழக்கு எளிமையானது, அதனாலேயே கொடுமையானது. விடியலுக்கு முந்தைய அரையிருட்டில், வளைவுச் சாலையில் சைக்கிளில் போன தபால்காரர் ஒருவரை ஒரு வேன் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிற்று. பின்னால் வந்த ரொட்டி வேன் நின்றது. டிரைவர் இறங்கினான், அடிபட்டவரைத் தூக்கினான், மருத்துவமனையில் சேர்த்தான். அவர் பிழைக்கவில்லை. போனவனைப் பிடிக்க முடியாத போலீஸ், நின்றவனைப் பிடித்தது. அவன் வேன் சிவப்பு. ஓடிப்போனதும் அதே கம்பெனியின் அதே மாதிரி வேன், ஆனால் பச்சை. அதைப் பார்த்ததாகச் சொன்னவன் உலகத்தில் ஒருவன்தான்: ராணுவத்தில் சேர்வதற்காக அந்தச் சாலையில் அன்றாடம் ஓடிப் பழகிய இளைஞன். ஊரார் வைத்த பெயர் ஓட்டக்காரன். அவனுக்குத்தான் இப்போது நிறமே தெரியாது என்று ஆகிவிட்டது.

“அண்ணா,” ரொட்டி வேன்காரன் மனைவி, தன் கணவனுக்காக அமர்த்தியிருந்த தனியார் துப்பறிவாளரின் வழியை மறித்தாள். அழவில்லை, அழுகையை எங்கோ இறக்கி வைத்துவிட்டு வந்தவள் போலிருந்தாள். “எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சாயங்காலம் அவர் என்கூட வருவாரா, மாட்டாரா?”

“இடைவேளை முடியட்டும்மா.”

“நின்னு தூக்கினதுக்கு ஜெயிலா? இனிமே எவன் நிப்பான்?”

துப்பறிவாளர் நடைக்கூடத்தில் வேகமாக நடந்தார். பின்னாலேயே அரையங்குலம் ஓடினாள்.

அரையங்குலம் அவருடைய உதவியாளர். பெண்கள் படைப்பிரிவுக்கு ஆள் எடுத்தபோது உயரம் அரையங்குலம் குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டவள்; பெயர் அன்று ஒட்டிக்கொண்டது. குறைந்த அரையங்குலம் நாக்குக்குப் போய்விட்டது என்பது துப்பறிவாளரின் கட்சி.

“போச்சு சார். கண்ணே இல்லாத சாட்சி. காலுறையைப் பார்த்தீங்களா? ஒரு கால்ல சிவப்பு, ஒரு கால்ல பச்சை. அவனே நடமாடுற சிக்னல் மாதிரி இருக்கான்.”

துப்பறிவாளர் நின்றார். நடைக்கூடத்தின் கடைசி பெஞ்சில் ஓட்டக்காரன் தனியாக உட்கார்ந்திருந்தான். கால்சட்டையின் விளிம்பு மேலேறி, இரண்டு நிறங்களும் பளிச்சென்று தெரிந்தன.

“உன் பெரியப்பா மகனுக்கு நிறம் தெரியாதுன்னு சொல்லுவியே. அவன் என்னிக்காவது இப்படிக் காலுறை போட்டு வந்திருக்கானா?”

“சேச்சே. அவன் வாங்குறதே எல்லாம் கருப்பு. மாட்டிக்கக் கூடாதுன்னு அவ்வளவு உஷார்.”

“அதான். சின்ன வயசிலேருந்து மறைச்சுப் பழகினவன் ஜாக்கிரதையா இருப்பான். இவன் ஊருக்கே காட்டுறான்.” குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணு. அந்தச் சான்று கோர்ட்டுக்கு எப்படி வந்தது?”

“உன்னைப் பட்டாளத்துல ஏன் எடுக்கலைன்னு அரசு வக்கீல் கேட்டார். இவன் சட்டைப் பையிலேருந்து எடுத்துக் கொடுத்தான்.”

“உன்னைத் திருப்பி அனுப்பின சீட்டை நீ என்ன பண்ணினே?”

“கிழிச்சேன். கிழிச்சதையும் கிழிச்சேன்.” சொல்லி முடித்ததும் அவள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். தோற்ற சீட்டை மடிப்புக் கலையாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு யாரும் சாட்சி சொல்ல வருவதில்லை.

“வண்டியை எடு,” என்றார் துப்பறிவாளர்.

*

ஆள் எடுப்பு முகாம் நகரத்தின் விளையாட்டு அரங்கில் நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற சிப்பாய் துப்பாக்கியை விறைப்பாகப் பிடித்திருந்தான்.

“வெளியாள் உள்ள போகக் கூடாது.”

“அண்ணே, நான் வெளியாள் இல்லை. போன வருஷம் இங்க வெச்சுத்தான் என்னை வெளியாள் ஆக்கினாங்க,” என்றாள் அரையங்குலம். “அந்த உயரக்கோல் நல்லா இருக்கா? அதுகிட்ட ஒரு வார்த்தை பேசணும்.”

சிப்பாயின் மீசை சிரித்தது, முகம் சிரிக்கவில்லை. ஆனால் துப்பறிவாளரின் அட்டை கண் டாக்டரிடம் போய், அனுமதியோடு திரும்பி வந்தது.

உள்ளே நுழைந்ததும் அவள் கண் முதலில் உயரக்கோலைத் தேடிற்று. எதுவும் மாறவில்லை. அரைக்கால் சட்டையோடு இளைஞர்கள் சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். ஒரு மூலையில் மார்பைச் சுற்றி நாடா, “இழு, இழு, பிடி, இன்னும் பிடி!” என்ற அதட்டல். இன்னொரு மூலையில் ஈரக் காலோடு சிமெண்டுத் தரையில் நடக்கச் சொல்லி, பாதத்தின் நடுவே வளைவு விழுகிறதா என்று ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எடை போதாத ஒருவன் தராசுக்குப் போகும் வழியிலேயே கண்களில் நீர் கோக்க வாழைப்பழத்தை விழுங்கிக்கொண்டிருந்தான். காதுக்குள் டார்ச் அடித்தவர் முகத்தைச் சுளித்து ஒருவனைக் குழாயடிக்கு விரட்டினார். தங்கள் உடம்பு தங்களைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற பயம் அந்தக் கூடத்தின் காற்றிலேயே இருந்தது.

கண் டாக்டர் சுருக்கமானவர். “விண்ணப்பதாரர் யாரைப் பத்தியும் நான் பேச மாட்டேன்.”

“வேண்டாம். கோர்ட்டிலேயே வாசிச்சுட்டாங்க. அந்தப் புத்தகத்தை மட்டும் என் உதவியாளருக்குக் காட்டுங்க.”

டாக்டர் ஒரு கணம் அவரை அளந்தார். பிறகு தடித்த அட்டைப் புத்தகத்தைத் திறந்து நீட்டினார். பல நிறப் பொட்டுகள் நெருக்கியடித்த வட்டம்; அதற்குள் வேறு நிறப் பொட்டுகளால் ஆன எண்.

“பன்னிரண்டு,” என்றாள் அரையங்குலம். பக்கம் புரண்டது. “எட்டு. ஆறு. கண்ணுல குறையில்லை டாக்டர், காலை மட்டும் கொஞ்சம் இழுத்து விட்டுடுங்க.”

துப்பறிவாளர் சிரிக்கவில்லை. “சிவப்பும் பச்சையும் பிரிச்சுப் பார்க்க முடியாதவருக்கு இதுல என்ன தெரியும்?”

“சில பக்கத்துல ஒண்ணும் தெரியாது. சில பக்கத்துல நமக்குத் தெரியிற எண்ணுக்குப் பதிலா வேற எண் தெரியும்.”

“முதல் பக்கத்துல?”

டாக்டரின் கை புத்தகத்தின் மேல் நின்றது. கேள்வி எங்கே போகிறது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

“முதல் பக்கம் எல்லாருக்கும் தெரியும். நிறமே தெரியாதவங்களுக்கும். அது சோதனையே இல்லை. சோதனை எப்படி இருக்கும்னு காட்டுறதுக்காக வெச்ச பக்கம்.”

“பார்வையே மங்கலா இருந்தா?”

“கிட்டப் பார்வை, தூரப் பார்வை ரெண்டும் சரின்னு ஆன பிறகுதான் இந்த நாற்காலிக்கே அனுப்புவோம்.”

அரையங்குலத்தின் முதுகு நிமிர்ந்தது. ஒரு பக்கத்தைக்கூடப் படிக்கவில்லை என்று அரசு வக்கீல் அழுத்தி அழுத்திச் சொன்னாரே, அந்த அழுத்தமே சாட்சியின் பொய்யை உடைத்துக் காட்டிவிட்டது.

“நடிச்சிருக்கான்!”

டாக்டர் புத்தகத்தை மூடினார். அவர் காதோரம் சிவந்திருந்தது. “இங்க வர்ற எல்லாரும் இருக்கிற குறையை ஒளிக்கத்தான் வருவாங்க. எழுத்துப் பலகையை மனப்பாடம் பண்ணிட்டு வருவாங்க, பச்சை குத்தினதைச் சுரண்டிட்டு வருவாங்க. அவங்களைப் பிடிக்கத்தான் நாங்க பழகியிருக்கோம். இல்லாத குறையைச் சுமந்துட்டு ஒருத்தன் வருவான்னு என் உதவியாளர் நினைச்சே பார்க்கலை. தெரியலைன்னான், தள்ளிட்டார்.”

“நீங்க இந்தப் புத்தகத்தோட கோர்ட்டுக்கு வரணும்.”

“வரேன். ஆனா அவன் அங்கேயும் தெரியலைன்னு நின்னா?”

டாக்டரால் அவன் பொய்யன் என்று நிரூபிக்க முடியும். பொய்யன் என்று நிரூபித்தால் அவன் சொன்ன பச்சை வேனும் பொய்யாகிவிடும். ரொட்டி வேன்காரன் அப்போதும் உள்ளேதான். ஓட்டக்காரனே வாய் திறந்து படித்தால் ஒழிய வழியில்லை.

“யாரோ மிரட்டியிருக்காங்க,” என்றாள் அரையங்குலம், வெளியே வண்டியை உதைத்தபடி. “இல்லைன்னா வருஷக்கணக்கா ஓடினவன் கடைசி வாசல்ல வந்து கதவைத் தானே சாத்துவானா? எனக்கு மட்டும் அந்த அரையங்குலம் இருந்திருந்தா...”

“மிரட்டலோ என்னவோ. சொல்லிக்கொடுத்தவன் யாருன்னு பாரு. நல்லாத் தெரிஞ்சவனா இருந்தா, முதல் பக்கத்தைப் படி, மத்ததுல தடுமாறுன்னு சொல்லியிருப்பான். எல்லாத்துக்கும் தெரியலைன்னு சொல்லுன்னவன், தேறுறதுக்கு மட்டுமே சொல்லிக்கொடுத்துப் பழகினவன். தோக்குறதுக்கு அவனுக்குப் பாடம் தெரியாது.”

“பட்டாளத்துக்கு ஆள் தயார் பண்ற அந்தப் பயிற்சி மைதானம்!”

“அதை நடத்துறது யாரு?”

“ஓட்டக்காரனோட அக்கா புருஷன்.” சொல்லும்போதே அவள் வண்டியின் வேகம் கூடிற்று.

*

மைதானம் என்பது ஒரு பொட்டல். உயரம் கூட்ட வேண்டி இளைஞர்கள் இரும்புக் கம்பிகளில் துணி காய்வது போலத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் முப்பது வயதைத் தாண்டாதவர்; விசிலை வாயிலிருந்து எடுக்காமலே பேசக் கற்றிருந்தார். கொட்டகை நிழலில் அவர் மனைவி, நிறைமாத வயிற்றோடு, தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து பனியன்களில் எண் தைத்துக்கொண்டிருந்தாள். கொட்டகையின் மறுபாதி காலி. தரையில் பழைய எண்ணெய்க் கறை. சாலையிலிருந்து நான்கைந்து பேர் ஜிம் மெத்தைகளைத் தலையில் சுமந்து வந்தார்கள்.

அரையங்குலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பயிற்சியாளரிடம் போனாள்.

“மாஸ்டர், ஒரு உதவி. வீட்டுல என்னைக் கட்டாயப்படுத்திப் பட்டாளத்துக்கு அனுப்புறாங்க. இந்த முறை உயரத்துக்குத் தளர்வு கொடுத்துட்டாங்களாம். நான் எப்படியாவது ஃபெயில் ஆகணும்.”

“ஃபெயில் ஆகவா?” அவர் விசில் வழியாகவே சிரித்தார். “இங்க எல்லாரும் பாஸ் ஆக வருவாங்கம்மா.”

“ஒரே ஒரு வழி சொல்லுங்க மாஸ்டர். சாமி மாதிரி நெனச்சுக்கிறேன்.”

“அட, அது என்ன பிரமாதம். பொட்டுப் பொட்டா ஒரு புத்தகம் நீட்டுவாங்க. எல்லாத்துக்கும் தெரியலை, தெரியலைன்னு சொல்லு. முடிஞ்சுது.”

“எல்லாப் பக்கத்துக்கும்?”

“எல்லாத்துக்கும்.”

துப்பறிவாளர் அப்போதுதான் கொட்டகைக்குள் வந்தார். “முதல் பக்கத்துக்கும் அப்படித்தான் சொல்லணுமா மாஸ்டர்? உங்க மச்சினன் அப்படித்தான் சொன்னான்.”

விசில் கீழே விழுந்து கயிற்றில் தொங்கிற்று. தையல் இயந்திரம் நின்றது.

“என் தம்பி என்ன சொன்னான்?” அக்கா எழுந்திருக்கவில்லை, குரல் மட்டும் எழுந்தது.

“அவனுக்கு நிறம் தெரியாதாம். கோர்ட்டுல சொல்லிட்டாங்க.”

“யாருக்கு? அவனுக்கா?” அவள் மடியிலிருந்த நூல்கண்டைத் தூக்கிக் காட்டினாள். “எனக்கு நூல் வாங்கிட்டு வர்றதே அவன்தான். துணியில ஒரு துண்டு கொடுத்தா கடை கடையா ஏறி அதே நிறத்துல கொண்டுவருவான். வடிகட்டின பொய். ஏங்க, நீங்க சொல்லுங்க இவங்ககிட்ட!”

பயிற்சியாளர் கம்பியில் தொங்கியவர்களைப் பார்த்து, “இறங்குங்கடா, போதும்,” என்றார். குரலில் அதட்டல் இல்லை.

துப்பறிவாளர் எண்ணெய்க் கறையைச் செருப்பு நுனியால் தொட்டார். “இங்க நின்ன வேன் எங்க மாஸ்டர்? பசங்க மெத்தையைத் தலையில சுமக்குறாங்களே.”

“வித்துட்டாரு,” என்றாள் அக்கா. “பிரசவச் செலவுக்குன்னு. திடீர்னு.” பிறகு, மிகவும் மெதுவாக, தன் வாயிலிருந்து வருவதைத் தானே கேட்பவள் போல: “பச்சை வேன்.”

அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

“நீங்க அன்னிக்கு வெளியூர்ல இருந்தீங்க. மறுநாள்தான் வந்தீங்க. அப்படித்தானே சொன்னீங்க?”

“அன்னிக்கே திரும்பிட்டேன்.” அவர் தரையைப் பார்த்துப் பேசினார். “ராத்திரி முழுக்க ஓட்டிட்டு வந்தேன். வளைவுல ஒரு விநாடி கண் அசந்துட்டுது. சத்தம் கேட்டுத்தான் முழிச்சேன். நிறுத்தணும்னுதான் கால் வெச்சேன். பின்னால ஒரு வேன் வெளிச்சம் தெரிஞ்சுது. அவன் பார்த்துக்குவான்னு போயிட்டேன்.”

“தம்பிக்குத் தெரியுமா?”

“அன்னிக்கு அவன் பார்த்தது பச்சை வேன்னு மட்டும்தான். நான் ஊர்லயே இல்லைன்னு நெனச்சதால நம்ம வேன்னு தோணலை. போலீஸ்கிட்ட சொல்லிட்டு வந்து, அதையே எங்கிட்டயும் சொன்னான். நான்தான்டான்னு சொன்னேன். அழுதான். அப்புறம் அவனே கேட்டான், மாமா, நான் சொன்னதைச் சொல்லாத மாதிரி ஆக்க முடியுமான்னு. உன் வயித்தைக் காட்டித்தான்...”

“என் வயித்தைக் காட்டினது நீங்க,” என்றாள் அவள். “கண்ணைக் கொடுத்தது அவன். எனக்காகன்னு ஒரு வார்த்தை இனிமே சொன்னீங்கன்னா நல்லா இருக்காது.”

அரையங்குலம் இத்தனை நேரமும் மிரட்டுகிற ஒரு வில்லனைத்தான் மனத்தில் தேடிக்கொண்டிருந்தாள். எதிரே நின்றவரோ தலை குனிந்து, வியர்த்து, சாதாரணமாக இருந்தார். அவரை வெறுக்க முடியாதது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“மாஸ்டர்,” என்றார் துப்பறிவாளர். “உங்களை இழுத்துட்டுப் போக எனக்கு அதிகாரம் இல்லை. நீங்க இப்ப சொன்னதை நான் கோர்ட்டுல சொன்னா நீங்க மறுக்கலாம். அங்க ஒருத்தி காலையிலேருந்து பெஞ்சில உட்கார்ந்திருக்கா. நீங்க நிறுத்தாம போன இடத்துல அவ புருஷன் நிறுத்தினான். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.”

துப்பறிவாளர் திரும்பி நடந்தார். அரையங்குலம் பின்னால் ஓடி வந்தாள். “சார், விட்டுட்டு வர்றீங்களே! ஓடிட்டாருன்னா?”

“ஒரு தடவை ஓடினவர். மறுபடி ஓடினா அவர் பொண்டாட்டி முன்னாடிதான் ஓடணும். வண்டியை எடு.”

*

நீதிபதி அமர்ந்துவிட்டார். கண் டாக்டர் சீருடையோடு வந்து நின்றதும் அரசு வக்கீல் மறுக்க எழுந்தார். மறுப்பு, அவர் காட்டிய சான்றைப் பற்றித்தான் டாக்டர் பேச வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் தொண்டையிலேயே தங்கிவிட்டது. முதல் பக்கத்தின் கதையை டாக்டர் நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். நீதிபதி புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு சாட்சிக் கூண்டுக்கு அனுப்பினார்.

“படித்துச் சொல்லப்பா. பொய் சொன்னால் என்ன ஆகும் என்பது உனக்குத் தெரியும்.”

ஓட்டக்காரன் புத்தகத்தைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தான், யாருமில்லை. அரையங்குலமும் பார்த்தாள், யாருமில்லை. துப்பறிவாளர் கணக்குத் தப்பி அவள் இதுவரை பார்த்ததில்லை.

“எனக்குத் தெரிய...”

கதவு திறந்தது. அக்கா ஒரு கையால் இடுப்பைத் தாங்கியபடி நின்றாள். மறு கை கணவனின் மணிக்கட்டைப் பற்றியிருந்தது. இழுத்து வந்தவளின் பிடியாக அது தெரியவில்லை. விழாமல் இருக்கப் பற்றிய பிடி போல இருந்தது.

“படிடா,” என்றாள்.

“அமைதி!” என்று சேவகர் அதட்டினார்.

ஓட்டக்காரனின் கண்கள் மாமாவின் மேல் நின்றன. மாமா தலையை அசைத்தார். மிகச் சிறிய அசைவு.

“பன்னிரண்டு.”

டாக்டர் பக்கத்தைப் புரட்டினார். எட்டு. ஆறு. இருபத்தொன்பது. அவர் புரட்டப் புரட்ட அவன் நிற்காமல் சொன்னான், இத்தனை நாளும் பூட்டி வைத்திருந்தவற்றைக் கொட்டுவது போல. அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

“அன்று நீ பார்த்த வேன் என்ன நிறம்?” நீதிபதி கேட்டார்.

இப்போது அவனால் முடியவில்லை. அக்காவின் வயிற்றைப் பார்த்தான்.

“பச்சைங்கய்யா,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “என்னோடது. ஓட்டினது நான்.”

மனைவியின் விரல்களிலிருந்து மணிக்கட்டை மெல்ல விடுவித்துக்கொண்டு பயிற்சியாளர் முன்னால் நடந்தார். போலீஸ்காரர்கள் எழுந்தார்கள். எழுத்தர்கள் பேச, வக்கீல்கள் பேச, நீதிபதி மேசையைத் தட்ட, கூடம் சந்தையாயிற்று. கூண்டில் நின்ற ரொட்டி வேன் டிரைவர் மட்டும் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அக்கா வாசலிலேயே நின்றாள். உட்கார இடம் தேடினாள். நிரம்பி வழிந்த கூடத்தில் ஒரே ஒரு பெஞ்சின் ஓரம்தான் அருகிலிருந்தது. அதில் ரொட்டி வேன்காரன் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வந்தவள் யார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அரையங்குலம் ஏதோ நடக்கப் போகிறது என்று ஓரடி முன்னால் வைத்தாள். துப்பறிவாளர் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

ரொட்டி வேன்காரன் மனைவி வயிற்றைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நகர்ந்து, இடம் விட்டாள்.